ஆறாம் மாசம், 12 மணி ஷிப்ட்: ராஜினாமா கடிதத்தை எப்போது எழுதுவது?

லயத்து_ஜன்னல் (இழையைத் தொடங்கியவர்)

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக இந்த இழை. ஒரு மாதிரிக் கணக்கை நடுவில் வைத்துப் பேசுவோம். யார் வீட்டுக் கதை என்று தேட வேண்டாம்.

பெண், வயது 29, படிப்பு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு). ஆபரேட்டராக 6 வருஷம். காலை 7 – இரவு 7, பிறகு இரவு ஷிப்ட், மாறி மாறி. அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஓட்டியோடு (கூடுதல் நேரக் கூலி) கையில் 2,300 சொச்சம். மூத்ததுக்கு 4 வயது. வயிற்றில் இரண்டாவது, ஆறாம் மாசம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாமியாருக்கு முட்டிவலி, ஒரு பிள்ளைக்கு மேல் தாங்காது. வீட்டில் ஒரே பேச்சு: "இந்த மாசத்தோட நின்னுடும்மா."

நிற்பதா? நின்றால் எப்போது? நின்ற பிறகு வருமானம் எங்கிருந்து? நாள் கணக்கும் காசுக் கணக்கும் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "மனசு சொல்றதைக் கேளு" பதில்கள் வேண்டாம்.

பிரிவு_37

இந்த மாசத்தோடு நின்றால் கையை விட்டுப் போவது என்னவென்று முதலில் பார்க்கலாம்.

2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள், சம்பளத்தோடு. தொடர்ச்சியான நாட்கள், ஞாயிறும் பொது விடுமுறையும் உள்ளடக்கம். பிரசவத்துக்கு 30 நாளுக்கு முன்னால் தொடங்க முடியாது. பிரசவத்துக்கு மறுநாளைத் தாண்டியும் தள்ளக்கூடாது. சம்பளம் கிடைக்க இரண்டு நிபந்தனை: பிரசவத்துக்கு முந்தைய 9 மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும், கடைசி 4 மாதத்தில் ஒரு நாளாவது வேலையில் இருந்திருக்க வேண்டும். உயிரோடு 5 பிள்ளை இருப்பவருக்கு விடுப்பு உண்டு, சம்பளம் கட்டாயமில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று. 4 மாதத்துக்குள் பிரசவம் என்று தெரிந்தும் வேலையை விடுகிறவர், விடுவதற்கு முன்பே கர்ப்பத்தை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்திருந்தால் நின்ற பிறகும் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமை இருக்கிறது. "குடும்பக் காரணம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றால் உரிமை போச்சு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது அந்த ஒரு வரிதான். உரிமை இருந்தாலும், நின்றுபோன இடத்தில் காசு வாங்க ஜபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் இலாகா) அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே வாங்குவது சுலபம்.

ஆக, கடிதம் இப்போது வேண்டாம். 98 நாளை எடுத்துக்கொண்டு, அதன் பத்தாவது வாரத்தில் உட்கார்ந்து யோசிக்கலாம்.

கணக்கப்பிள்ளை

மேலே சொன்னது சரி. ஆனால் 98 நாளும் 2,300 வரும் என்று நினைத்துக் கடன் கட்டத் திட்டமிடாதீர்கள். பேறுகாலப் பணம் சாதாரணச் சம்பள விகிதத்தில்தான் வரும், அதில் ஓட்டி கிடையாது. 1,700ஐ 26ஆல் வகுத்து 8ஆல் வகுத்தால் மணிக்கு 8.17. ஒன்றரை மடங்கு 12.26. மாசம் 65 மணி ஓட்டி செய்தால் 797 வெள்ளி. அந்த 797தான் மூன்று மாசம் வராது. மோட்டார் தவணையும் கூட்டுப் (சீட்டு) பணமும் அந்த 797ஐ நம்பி ஓடுகிற வீடு ஆட்டம் காணும். ஆறாம் மாசத்திலிருந்தே ஓட்டியில் பாதியை ஒதுக்கினால் பிரசவத்துக்குள் ஆயிரம் வெள்ளிக்கு மேல் கையில் நிற்கும்.

இன்னொன்று, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி). ஓட்டிக்கு இபிஎஃப் பிடிப்பதில்லை. 1,700க்கு நம் 11 விழுக்காடு 187, முதலாளியின் 13 விழுக்காடு 221, ஆக 408. வருஷத்துக்கு 4,896. "பிள்ளை ஸ்கூலுக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று 6 வருஷம் நின்றால் 29,376 வெள்ளி, லாப ஈவு சேர்க்காமல். பிள்ளை பார்க்கிற ஆயாவுக்கு மாசம் 500 கொடுப்பது அதிகமா என்று பேசும்போது, முதலாளி போடுகிற இந்த 221ஐ யாரும் தட்டில் வைப்பதில்லை.

செம்பனை_நிழல்

கணக்கப்பிள்ளை அண்ணே, தாளில் எல்லாம் அழகாத்தான் இருக்கு. காலை 5.40க்குத் தோட்ட முச்சந்தியில் பஸ். இரவு 8க்கு மேல்தான் வீடு. பிள்ளை எங்கே இருக்கும்? அதைச் சொல்லாமல் 221ஐப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆயாக்கொட்டகை

அதுதான் சரியான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தோட்டத்திலேயே வேலை செய்பவர்களுக்கு, 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 10 பேர் இருந்தால் முதலாளி பிள்ளைக்கொட்டகை வைக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் சொல்கிறது. தோட்டத்துக்கு வெளியே வேலைக்குப் போகிறவர் அதை நம்ப முடியாது. கொட்டகை இருக்கும் தோட்டங்களே குறைந்துவிட்டன.

டவுன் தாஸ்கா (குழந்தைக் காப்பகம்) பெரும்பாலும் மாலை 6 அல்லது 6.30க்கு மூடிவிடும். 12 மணி ஷிப்டுக்கு ஒத்துவராது. மிச்சம் இருப்பது வீட்டில் பிள்ளை பார்க்கிறவர்கள். ஒருவர் தன் வீட்டில் 4 முதல் 9 பிள்ளைகள் வரை பார்த்தால் அது 1984 சட்டப்படி வீட்டுத் தாஸ்கா, சமூகநல இலாகாவான ஜேகேஎம்மில் பதிய வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் போனால் அது நிலையத் தாஸ்கா. ஆள் கணக்கு: ஒரு வயதுக்குள் 3 குழந்தைக்கு ஒருவர், 1 முதல் 3 வயது வரை 5க்கு ஒருவர், 3 முதல் 4 வரை 10க்கு ஒருவர். கைக்குழந்தையோடு போகும்போது "எத்தனை பிள்ளை பார்க்கிறீங்க" என்று கேட்பதோடு விடாதீர்கள். "ஒரு வயதுக்குள்ள எத்தனை பேர்" என்று கேளுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

பேசும்போதே முடிக்க வேண்டியவை: இரவு ஷிப்ட் வாரத்தில் பிள்ளை அங்கே தூங்குமா, அதற்குத் தனிக் காசா. காய்ச்சல் வந்தால் திருப்பி அனுப்புவாரா, எத்தனை டிகிரியில். பஸ் தாமதமானால் என்ன. அவர் ஊருக்குப் போகும் நாட்களை எத்தனை நாள் முன்னால் சொல்வார். தாய்ப்பால் கறந்து கொடுத்தால் வைக்க பிரிட்ஜில் தனி இடம் உண்டா. வேலையை விட்டவர்களில் பலர் காசுக்காக விடவில்லை. காய்ச்சல் நாளில் மாற்று ஆள் இல்லாமல் விட்டார்கள். முதல் ஆளோடு இரண்டாவது ஆளையும் பிரசவத்துக்கு முன்பே பேசி வையுங்கள். மாமியாருக்கு ஒரு பிள்ளை முடியும் என்றால் அது மூத்ததாக இருக்கட்டும். தபிகாவில் (பாலர் பள்ளி) விட்டு மதியம் அழைத்துக்கொண்டால் அவருக்கு அரை நாள் பாரம்தான்.

கைக்குழந்தையை விடத் தொடங்குவது வேலைக்குத் திரும்பும் நாளன்று வேண்டாம். 98 நாளின் கடைசி இரண்டு வாரத்தில், முதலில் இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள். குழந்தை புட்டியில் குடிக்கப் பழகவே ஒரு வாரம் பிடிக்கும்.

இரண்டாம்_ஷிப்ட்

எல்லாரும் அம்மா, மாமியார், ஆயா என்றே பேசுகிறீர்கள். லாரி ஓட்டுகிறவர் எங்கே போனார்? அவருக்கும் 7 நாள் சம்பள விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் முடித்திருக்க வேண்டும், 30 நாளுக்கு முன் சொல்ல வேண்டும். லோக்கல் ஓட்டத்துக்கு மாற முடியுமா என்று அவர் முதலாளியைக் கேட்டாரா? "நின்னுடும்மா" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

செம்பனை_நிழல்

அது வீட்டுக்கு வீடு வேறு. லோக்கல் ஓட்டத்தில் டிரிப் காசு குறைகிறது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாம்_ஷிப்ட்

போடுங்கள். அதைத்தான் சொல்கிறேன். இரண்டு பேர் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதிய பிறகு யார் எதைக் குறைப்பது என்று பேசலாம். பெண் சம்பளத்திலிருந்து மட்டும் ஆயா கூலியைக் கழித்து "மிச்சம் ஒண்ணுமில்லையே" என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு? பிள்ளை இரண்டு பேருக்கும்தானே.

பிரிவு_37

ஷிப்ட் மாற்றம் கேட்பது பற்றி. நெகிழ்வு வேலை ஏற்பாட்டுக்கு எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமை வேலைச் சட்டத்தின் 60பி (P), 60கியூ (Q) பிரிவுகளில் வந்திருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "எனக்குக் கைக்குழந்தை இருப்பதால் நேரத்தை மாற்றவும்" என்று எழுதினால் லைனில் ஆள் இல்லை என்ற ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள்.

குறிப்பாகக் கேளுங்கள். எந்தப் பகுதி, எந்த நேரம், எத்தனை மாதம். ஸ்டோர், வந்திறங்கும் பொருள் சோதனை, புது ஆட்களுக்குப் பயிற்சி ஆகியவை பல இடங்களில் 8 மணி நேர வேலையாக ஓடுகின்றன. "ஸ்டோரில் காலை 8 – மாலை 5, 12 மாதத்துக்கு, அதன்பின் பழைய ஷிப்டுக்குத் திரும்பச் சம்மதம்" என்ற கடிதத்தை மறுப்பது கஷ்டம். காலக்கெடு வைத்துக் கேட்டால் மேற்பார்வையாளருக்கும் மேலே சொல்ல வசதி. 60 நாள் எடுக்கும் என்பதால், விடுப்பின் 30ஆம் நாளைத் தாண்டாமல் அனுப்பிவிடுங்கள். அப்போதுதான் திரும்புவதற்குள் பதில் வரும்.

ஓட்டி போய்விடும் என்பதையும் மறக்கக்கூடாது. 2,300 சுமார் 1,500க்கு இறங்கும். ஆனால் தாஸ்கா மூடும் நேரத்துக்குள் வந்துவிடலாம், அந்த 408உம் நிற்காது.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்க முடியாது. ஒப்பந்த மீறல், தவறான நடத்தை, தொழிலை மூடுவது ஆகிய காரணங்களுக்குத்தான் நீக்கலாம், கர்ப்பம் காரணமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. அப்படி நீக்கினால் தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் மனு. 61ஆம் நாள் போனால் கேட்க மாட்டார்கள். "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துடு, ரெக்கார்டு நல்லா இருக்கும்" என்று யாராவது பேனாவை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணக்கப்பிள்ளை

அதோடு ஒன்று. தானாக நிற்பவருக்கு சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எஸ்ஐபி என்ற வேலை இழப்புக் காப்புறுதி கிடையாது. ஆட்குறைப்பிலோ விஎஸ்எஸ்ஸிலோ (கம்பெனியே அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டம்) போனால் உண்டு: முதல் மாதம் கணக்கிடும் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு 50, 40, 40, 30, 30. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்குறைப்பு இழப்பீடும் அப்படித்தான், 5 வருஷத்துக்கு மேல் என்றால் வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இருக்கும்போது அவசரப்பட்டு நிற்பவர் இரண்டையும் விட்டுக்கொடுக்கிறார்.

லயத்து_ஜன்னல்

நன்றி. அடுத்த பகுதி: எல்லாம் பார்த்தும் நிற்கத்தான் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "வீட்டிலிருந்தே தோசை மாவு போடலாம், நல்ல ஓட்டம்" என்று பலர் சொல்கிறார்கள். எவ்வளவு போட்டால் 1,700 வரும்?

மாவுக்கல்

வகையாக மாட்டினேன், இது என் பாடம்.

எடை விகிதம் 4க்கு 1. ஒரு கிலோ இட்லி அரிசி, 250 கிராம் முழு வெள்ளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். ஊற 5 மணி நேரம். தண்ணீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் போகும், மாவு 3 கிலோ வரும். உளுந்தைத் தனியாக, ஐஸ் தண்ணீரில், கல்லில் 25–30 நிமிஷம். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். சாதாரணத் தண்ணீரில் ஆட்டினால் கல் சூட்டில் மாவு ஆட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். நம் ஊர் வெக்கையில் இரவு 9க்கு ஆட்டியது காலை 5க்குப் பொங்கிவிடும்.

இப்போது காசு. பொருள், பை, கரண்டு எல்லாம் சேர்த்து கிலோவுக்கு 2.50 அடங்கி 5 வெள்ளிக்கு விற்றால் கிலோவுக்கு 2.50 நிற்கும். 1,700க்கு 680 கிலோ. முதலாளி போட்ட இபிஎஃப் 221ஐயும் ஈடுகட்ட வேண்டும் என்றால் 768 கிலோ. மாசம் 26 நாள் என்றால் நாளுக்கு 30 கிலோ, அதாவது தினம் 10 கிலோ அரிசி.

இங்கேதான் எல்லாரும் விழுகிற இடம். 2 லிட்டர் மேசைக் கல்லில் 10 கிலோ அரிசி ஆட்ட முடியாது, முடித்தால் விடிந்துவிடும். குறைந்தது 10 லிட்டர் சாய்க்கும் கல் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பிரிட்ஜ். வீட்டுப் பிரிட்ஜில் 30 கிலோ மாவை ஒரே நேரத்தில் அடுக்கினால் வெளி வரிசை குளிரும், நடு வரிசை மணிக்கணக்கில் சூடாகவே இருந்து புளித்துக்கொண்டே போகும். மறுநாள் ஒரே ஆட்டில் எடுத்த மாவில் ஒரு பை நன்றாக இருக்கும், அடுத்த பை உப்பிக் கடைக்காரர் மேசையில் வெடிக்கும். வாடிக்கை அன்றோடு போச்சு. பரிகாரம்: மாவைத் தட்டையான பைகளில், இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல், இடைவெளி விட்டு வையுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு காலி, மேல் ஓரத்தில் ஒரு ஊசித்துளை. வீட்டுப் பிரிட்ஜ் என்றால் ஒரு தடவைக்கு 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். 30 கிலோவுக்கு கடைகளில் இருக்கும் கண்ணாடிக் கதவு சில்லர் தேவை.

ஆக நாளுக்கு 10 கிலோவில் தொடங்கினால் மாசம் 650 வெள்ளி. அதுதான் உண்மையான முதல் வருஷத்துக் கணக்கு.

ஆயாக்கொட்டகை

98 நாள் விடுப்பிலேயே மாவைத் தொடங்கிவிடலாம் என்று யாரும் எழுத வரும் முன் சொல்லிவிடுகிறேன். பச்சை உடம்புக்காரி ஈரக்கல்லைத் தூக்கிச் சாய்க்கக் கூடாது. அந்த மூன்று மாசம் பால் கொடுக்கவும் தூங்கவும்தான்.

மாவுக்கல்

சரியாச் சொன்னீங்க அக்கா. தாளில் ஆகவேண்டிய வேலையை அந்த நாட்களில் கைபேசியிலேயே முடிக்கலாம். எஸ்எஸ்எம் (நிறுவன ஆணையம்) பதிவு தொழில் தொடங்கி 30 நாளுக்குள் செய்ய வேண்டும்: சொந்தப் பெயரில் வருஷம் 30 வெள்ளி, கடைப் பெயரில் 60, ஈஸிபிஸ் தளத்தில் வீட்டிலிருந்தே. உணவு தயாரிப்பவருக்குப் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு ஊசியும் வேண்டும், ஊசி 3 வருஷத்துக்கு ஒருமுறை. பால் கொடுக்கிறவர் ஊசியை கிளினிக்கில் கேட்டுக்கொண்டு போடட்டும். நகராண்மைக் கழகத்தில் உரிமம் பற்றிக் கேளுங்கள். லயத்து வீட்டிலோ கம்பெனி வீட்டிலோ இருப்பவர் முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கட்டும். கல் வாங்கிய பிறகு "இங்கே வியாபாரம் கூடாது" என்றால் பணம் முடங்கும்.

முதலுக்கு "கூட்டு" எடுக்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு: 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவது குற்றம். தலைவி ஓடிவிட்டால் போட்ட பணத்தை மீட்பது கஷ்டம். இந்தியத் தொழில்முனைவோருக்கு தெக்குன் என்ற அரசு கடனுதவி நிறுவனத்தில் ஸ்புமி கடன் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கணக்கப்பிள்ளை

நின்ற பிறகு மூன்று ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒன்று, இபிஎஃப்பில் ஐ-சாரான்: சொந்தத் தொழில் செய்பவர் தானே போட்டால் அரசு 20 விழுக்காடு சேர்க்கும், வருஷத்துக்கு உச்சம் 500 வெள்ளி. 2,500 போட்டால் முழு 500. மாசம் 210 என்று பழக்கிக்கொள்ளுங்கள். இரண்டு, சொக்சோவின் குடும்பப் பெண்கள் திட்டம்: 12 மாதத்துக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள். வீட்டு வேலையில் விழுந்து கை உடைந்தாலும் காப்பு. கல்லைத் தூக்கும்போது நடப்பது வீட்டு வேலையா வியாபாரமா என்று பின்னால் கேள்வி வராமல் இருக்க, வியாபாரம் ஓடத் தொடங்கியதும் சுயதொழில் திட்டத்திலும் சேருங்கள். மூன்று, திருமணப் பதிவு. கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்தியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982 மார்ச் முதல் ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) பதிவு கட்டாயம். சொந்தச் சம்பளம் இல்லாத நாளில்தான் அந்தத் தாள் தேவைப்படும். இபிஎஃப் வாரிசுப் பெயரையும் பாருங்கள், அவருடையதையும் சேர்த்து.

இரண்டாம்_ஷிப்ட்

வேலையில் இருப்பவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, யாரும் தொடவில்லை. 6 வருஷ லைன் அனுபவத்தை எஸ்கேஎம் (மலேசியத் திறன்) சான்றிதழாக மாற்றலாம். பிபிடி (முந்தைய அனுபவத்தை அங்கீகரிக்கும்) முறையில் வகுப்பு கிடையாது, செய்த வேலைக்கான ஆதாரக் கோப்பைத் தயாரித்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். டெக்னிஷியன் இடத்துக்கு விண்ணப்பிக்க வெறும் எஸ்பிஎம்மைவிட அது பலம். சிக்கல் என்னவென்றால் லைனுக்குள் கேமரா அனுமதி இல்லாததால் படம் இருக்காது. மெஷின் செட்டப் பட்டியல், பயிற்சிப் பதிவு, மேற்பார்வையாளர் கையொப்பம் போட்ட வேலைத்தாள் ஆகியவற்றின் நகல்தான் ஆதாரம். கம்பெனி தாள்களை அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள், எச்ஆரிடம் கடிதம் கேளுங்கள். நின்ற பிறகு இவற்றைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அதனால் நிற்கப் போகிறவரும் நிற்பதற்கு முன் கோப்பைச் சேர்த்துவிடட்டும்.

செம்பனை_நிழல்

இதை ஒத்துக்கொள்கிறேன். ஷிப்ட் மாற்றம் கேட்கும் கடிதத்தோடு இந்தக் கோப்பும் இருந்தால் ஸ்டோருக்கோ பயிற்சிப் பகுதிக்கோ போடச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். மாவு விஷயத்தில் மட்டும் ஒன்று: 650 வெள்ளி சின்ன காசு இல்லை. ஆயா கூலி மிச்சம், பஸ்ஸுக்கு முன் எழுந்து சமைக்கும் பாடு மிச்சம். நிற்கிறவரைப் பார்த்து முட்டாள் என்று பேசும் தொனி வேண்டாம்.

கணக்கப்பிள்ளை

முட்டாள் என்று யாரும் சொல்லவில்லை தம்பி. 650ஐ 1,700 என்று சொல்லி நிற்க வைப்பதைத்தான் சொல்கிறோம்.

லயத்து_ஜன்னல்

சரி, சண்டை போதும். இந்த மாதிரிக் கணக்கில் ஆறாம் மாசம் நடக்கிறது. நாளைக்குச் செய்ய வேண்டிய முதல் தாள் எது?

பிரிவு_37

பேறுகால அறிவிப்பு. எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்க வேண்டியது, ஆக இன்னும் நேரம் இருக்கிறது. இப்போதே எழுதி வைத்துக்கொண்டு, எட்டாம் மாசம் தொடங்கியதும் கொடுக்கலாம். கொடுக்காமல் விடுப்பில் போனால் பணத்தை நிறுத்திவைக்கலாம், கொடுத்த பிறகு தந்தாக வேண்டும். தனிப் படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் போதும்: பெயர், ஐசி எண், ஊழியர் எண், எதிர்பார்க்கும் பிரசவத் தேதி, விடுப்பு தொடங்கும் தேதி, கையெழுத்து. கிளினிக் புத்தகத்தில் தேதி எழுதிய பக்கத்தின் நகலை இணையுங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் "தெரிமா" (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது வேறு: வேலை ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலத்தைப் படியுங்கள். அதில் எதுவும் எழுதவில்லை என்றால் 5 வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 8 வாரம். போனஸ் எந்த மாசம் என்பதையும் பாருங்கள்.

மாவுக்கல்

இரவு ஷிப்ட் வாரத்தில் எச்ஆர் கவுண்டர் திறந்திருக்காது. பகல் வாரத்தில், சாப்பாட்டு நேரத்தில் போகச் சொல்லுங்கள்.